ஒன்றரைக் கோடி உறுப்பினர், ஒரே ஒரு வேட்பாளர்

2024 மக்களவைத் தேர்தலின்போது தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் 6.23 கோடிப் பேர். இதில் இரண்டு கோடிப் பேர் எங்கள் தொண்டர்கள் என்று அ.தி.மு.க. மேடைக்கு மேடை சொல்கிறது. தி.மு.க.வோ 2025 ஜூலை முதல் தேதி 'ஓரணியில் தமிழ்நாடு' என்று கிளம்பி, ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் 30 விழுக்காடு வாக்காளரைக் கட்சியில் சேர்த்தே தீருவோம் என்று வீடு வீடாகக் கதவைத் தட்டியது. பா.ஜ.க. கணக்கு தனி. நாம் தமிழர் கணக்கு தனி. விஜய் கட்சிக்குச் செயலி வழிக் கணக்கு. பா.ம.க.வில் அப்பா கணக்கு ஒன்று, மகன் கணக்கு ஒன்று. எல்லாவற்றையும் கூட்டினால், கட்சியில் சேராத தமிழன் இன்னும் பிறக்கவில்லை. பிறந்தவர்களிலும் பல பேர் இரண்டு மூன்று கட்சிகளில் இருக்கிறார்கள்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். இரண்டு கோடித் தொண்டர்கள் கொண்ட கட்சிக்கு அந்தத் தேர்தலில் விழுந்த வாக்கு 90 லட்சத்தைத் தொடவில்லை. இரட்டை இலை எல்லாத் தொகுதியிலும் நிற்கவில்லைதான், ஐந்தை தே.மு.தி.க.வுக்குக் கொடுத்திருந்தார்கள். அதைக் கழித்துப் பார்த்தாலும் ஏறக்குறையப் பாதிப் பேரைக் காணோம். ரத்தத்தின் ரத்தங்கள் எந்த நரம்பு வழியாக எங்கே ஓடிப்போயின என்று பொதுக்குழுவில் யாரும் எழுந்து கேட்டதாகத் தெரியவில்லை. சென்னை மாநகராட்சியை 1973-இல் கலைத்ததற்குக் காரணம் மஸ்டர் ரோல் ஊழல்: வேலைக்கே வராத ஆட்களின் பெயரை எழுதிக் கூலி எடுத்தார்கள். அன்று அதற்கு ஊழல் என்று பெயர். இன்று உறுப்பினர் சேர்க்கை.

பா.ஜ.க. இன்னும் சுலபமாக்கியது. 2014 நவம்பரில் ஒரு கட்டணமில்லா எண்ணை அறிவித்து, மிஸ்டு கால் கொடுத்தால் போதும், நீங்கள் உறுப்பினர் என்றது. சில மாதங்களிலேயே சீனக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தாண்டிவிட்டோம், உலகத்திலேயே பெரிய கட்சி நாங்கள்தான் என்று அறிவித்தார்கள். சீனக் கட்சியில் சேர விண்ணப்பம் எழுத வேண்டும், ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்கள் பரிந்துரைக்க வேண்டும், ஒரு வருடம் சோதனைக் காலத்தில் இருக்க வேண்டும். நம் ஊரில் பேலன்ஸ் தீராமல் சேதி சொல்ல மிஸ்டு கால் கொடுப்போம்: பஸ் வந்துவிட்டது, வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். அந்த வரிசையில் இந்துராஷ்டிரமும் சேர்ந்தது.

தி.மு.க.வின் வீட்டு வாசல் திருவிழாவில் இன்னொரு புதுமை. பெயரைச் சொல், செல்பேசி எண்ணைச் சொல், வந்த ஓ.டி.பி.யைச் சொல். வங்கி மேலாளரே கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி தொண்டை கிழியக் கத்தும் அந்த எண்ணைத்தான் வட்டச் செயலாளர் வாசலில் நின்று கேட்டார். கடைசியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட வேண்டியதாயிற்று. அன்றைய ஆளுங்கட்சியின் ஆள் வாசலில் நிற்கிறார். மகளிர் உரிமைத் தொகை மாதாமாதம் வருகிறது. "சேரலைப்பா" என்று சொல்லும் தைரியம் எத்தனை அம்மாக்களுக்கு வரும்? இப்படிச் சேர்ந்தவர்களைக் கட்சி 'கொள்கைப் படை' என்று எழுதிக்கொள்கிறது.

சரி, தாமாகப் போய்ச் சேருகிறவர்கள் ஏன் சேருகிறார்கள்?

எழுபதைத் தாண்டிய கட்சிக்காரரைக் கேட்டால் கண் கலங்கிவிடும். தி.மு.க. தொடங்கிய ராபின்சன் பூங்கா மழை, 1965 மொழிப்போர், 1972-இல் எம்.ஜி.ஆரைத் தூக்கியெறிந்த அன்று பஸ் நின்றது என்று அவர் தொடங்கினால் டீ ஆறிப்போகும். அதில் பொய் அதிகமில்லை. சொந்தக் காசில் படிப்பகம் வைத்து, தெருவுக்கே பேப்பர் வாசித்துக் காட்டி, சிறைக்கும் போய் வந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் மங்கிய படத்தைத் தவிர, கட்சி அவர்களுக்கு என்ன செய்தது என்பது வேறு கதை.

நாற்பது வயதுக்காரரைக் கேளுங்கள். மேடையில் கொள்கை சொல்வார். இறங்கி வந்தால், "ஒரு சேஃப்டிக்குத்தாண்ணே" என்பார். அந்தப் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. மீதி வெறும் சால்வை.

பட்டா மாறுதலுக்கு மனுப் போடுகிறீர்கள். இணையத்திலேயே போடலாம், அரசு அவ்வளவு முன்னேறிவிட்டது. மனு போகிறது. சர்வேயர் லீவு. பிறகு சர்வேயர் வருகிறார், சங்கிலி லீவு. மூன்றாம் மாதம் மனு தள்ளுபடி. காரணம், ஆவணம் போதாது. எந்த ஆவணம் என்று கேட்டால் ஒரு சிரிப்பு. இப்போது கரை வேட்டி கட்டிய ஒருவர் உங்களோடு தாலுகா ஆபீஸ் படியேறட்டும். நாற்காலி வருகிறது, டீ வருகிறது, சர்வேயரும் வருகிறார். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்கவே அண்ணன் போன் போட வேண்டும். எதிராளியின் அண்ணனும் போன் போட்டால் வழக்கு கட்டப்பஞ்சாயத்துக்குப் போகும். இரண்டு அண்ணனும் ஒரே மாவட்டச் செயலாளரின் ஆட்கள் என்றால் அன்றைக்கே சமரசம். புகார் கொடுத்தவர் கைகுலுக்கிவிட்டு, அடிபட்ட கையோடு வீட்டுக்குப் போகலாம். வீடு கட்ட ஜல்லி இறக்கினால் மாலைக்குள் கவுன்சிலரின் ஆள் வந்து நிற்பார். நீங்கள் கட்சிக்காரர் என்றால் கொஞ்சம் குறையும். அதே கட்சி என்றால் இன்னும் கொஞ்சம். சத்துணவு அமைப்பாளர் வேலையா, ரேஷன் கடை வேலையா, ஊராட்சிச் சாலை ஒப்பந்தமா, எதற்கும் வழி அண்ணன் வீட்டுத் திண்ணைதான். 2003-இல் அரசே சாராயக் கடை நடத்த இறங்கியது. அன்றிலிருந்து கடை அரசுக்கு, பார் கட்சிக்காரருக்கு.

1950-இலேயே நமக்குக் குடியுரிமை வந்துவிட்டது. அதைக் கவுண்டரில் காட்டினால் செல்லாது. கொடி கட்டிய வண்டியைப் பார்த்தால் சுங்கச்சாவடித் தடுப்பும் தயங்குகிறது. கொடியில்லாதவன் பாஸ்டேக்கில் பணமில்லை என்று கூடுதலாகக் கட்டுகிறான். இதைப் பார்த்து வளர்ந்த பையன் கட்சியில் சேராமல் வேறு எதில் சேருவான்? அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாலுகா ஆபீசைப் பூட்டி வைத்திருப்பதும் அவர்கள்தான். வாசலில் நின்று சாவி விற்பதும் அவர்கள்தான். ஆட்சி மாறினால் பூட்டு மாறாது, சாவி விற்கிறவரின் வேட்டிக்கரை மாறும்.

சேர்ந்தாயிற்று. எவ்வளவு ஓடியாடி வேலை செய்கிறார்கள்?

அதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது: பதவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. உள்ளாட்சித் தேர்தல் வரும் என்று வதந்தி கிளம்பினால் போதும், தெருவில் செத்த எலியை எடுத்துப் போடக்கூட மூன்று கட்சிக்காரர்கள் போட்டி போடுவார்கள். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புறத்துக்கு அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடையில் ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலர் என்ற ஜென்மமே இல்லை. கொசு மருந்து அடிக்கச் சொல்லக்கூட ஆளில்லாத அந்த நாட்களில் கோடிக்கணக்கான களப்பணியாளர்கள் எந்தக் களத்தில் இருந்தார்கள்? 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களின் ஊராட்சிகளும் தனி அலுவலர் கைக்குப் போயின. அப்போது ஆண்டது மாநில சுயாட்சி பேசும் கட்சி. ஊராட்சியின் சுயாட்சிக்கு மட்டும் நாள் நன்றாக இருக்கவில்லை.

எதிர்க்கட்சியாக இருந்தால் ஆர்ப்பாட்டம் உண்டு. பத்தரை மணிக்குக் கோஷம், பதினோரு மணிக்குக் கைது, கல்யாண மண்டபத்தில் சாம்பார் சாதம், மாலை ஆறு மணிக்கு விடுதலை. மறுநாள் பேப்பரில் 'சிறை நிரப்பும் போராட்டம்'. ஆளுங்கட்சியாக இருந்தால் தையல் இயந்திரம் கொடுக்கும் விழா. பெறுகிற ஒரு பெண். கொடுக்கிற இருபது கைகள். படம் எடுத்து முடியும் வரை இயந்திரம் அந்தரத்தில் நிற்கும்.

ஆண்டு முழுக்கத் தடையில்லாமல் நடக்கும் பணி ஒன்று உண்டென்றால் அது ஃப்ளெக்ஸ். தலைவர் ஆளுயரம், வாரிசு முக்கால் ஆள், மாவட்டச் செயலாளர் மார்பளவு. அடியில் தபால்தலை அளவில் நாற்பது முகங்கள். சதுர அடிக்குக் காசு கட்டியவர்கள் அந்த நாற்பது பேர்தான். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் அ.தி.மு.க. பிரமுகர் வீட்டுத் திருமணத்துக்காகச் சாலை நடுவில் கட்டிய பேனர், ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பொறியாளர் மீது சரிந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறிப் பெண் செத்தாள். பேனரே வைக்க மாட்டோம் என்று உடனே உத்தமமாக அறிவித்தது தி.மு.க. 2021 ஆகஸ்டில் விழுப்புரத்தில் தி.மு.க. பிரமுகர் வீட்டுத் திருமணத்துக்குக் கொடிக்கம்பம் நட்ட பள்ளிச் சிறுவன் மின்சாரம் பாய்ந்து செத்தான். உண்மைதான், அது பேனர் இல்லை, கம்பம்.

தேர்தல் வந்தால் வேலையின் பெயர் பட்டுவாடா. 2009 திருமங்கலம் இடைத்தேர்தல் நாடு முழுக்க ஒரு ஃபார்முலாவாகப் பெயர் வாங்கியது. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே. நகர்; 2019-இல் வேலூர். பண விளையாட்டு தாங்காமல் தேர்தல் ஆணையம் தேர்தலையே நிறுத்திய ஊர்கள் இவை. இதில் தொண்டனின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. யார் வீட்டில் எத்தனை ஓட்டு, யார் துபாயில், யார் செத்துப்போய்ப் பட்டியலில் மட்டும் உயிரோடு, மருமகள் பெயர் எந்தத் தெருவில், எந்த வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் வாங்குவார் என்று அவன் விரல்நுனியில் வைத்திருக்கும் விவரம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையிடம் கிடையாது. கணக்கெடுப்புத்தான் 2011-க்குப் பிறகு தூங்கிப்போனது, இவன் தூங்கவில்லை. இரவு கரண்ட் போகும். கதவு தட்டும் சத்தம் கேட்கும். காலையில் எதிர்வீட்டு அக்கா, "எங்க வீட்டுல நாலு ஓட்டு, மூணுக்குத்தான் வந்துச்சு" என்று நியாயம் கேட்பார். மேலிடத்தில் கிளம்பிய தொகை, கைகள் மாறி மாறித் தெருவுக்கு வருவதற்குள் மெலிந்துவிடும். மெலிந்ததில் தன் பங்கை எடுத்துக்கொண்ட தொண்டனைக் கட்சி 'துரோகி' என்று திட்டும். முழுத் தொகையும் எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

உண்டியல் குலுக்கும் தோழர்களாவது என்று நான் நீண்ட நாள் ஒரு ஓரத்தில் நம்பிக்கை வைத்திருந்தேன். கட்சியில் சேர்வதற்கே படிப்பும் சோதனையும் வைத்திருப்பவர்கள். சம்பளத்தில் லெவி கட்டுகிறவர்கள். 2019 தேர்தல் செலவுக் கணக்கில் தி.மு.க. எழுதிக் கொடுத்தது: இந்தியக் கம்யூனிஸ்டுக்கு 15 கோடி, மார்க்சிஸ்டுக்கு 10 கோடி. இது வங்கி வழியாக வெளிப்படையாக வந்த பணம் என்றார்கள். ஒத்துக்கொள்கிறேன். வெளிப்படையாகவே உண்டியல் நிரம்பிய பிறகு, தோழர், பேருந்து நிலையத்தில் அதை ஏன் இன்னும் குலுக்குகிறீர்கள்?

இவ்வளவு ஓடியவனுக்கு ஒரு நாள் ஆசை வருகிறது: நாமும் நின்றால் என்ன? கட்சி அந்த ஆசைக்கும் கட்டணம் வைத்திருக்கிறது. விருப்ப மனு. 2016 சட்டமன்றத் தேர்தலுக்கு அ.தி.மு.க.வில் குவிந்த மனுக்கள் 26,000-க்கும் மேல். வசூல் 28 கோடி ரூபாய். இருந்ததோ 234 தொகுதி. இதில் அழகு என்னவென்றால், ஏறக்குறைய 8,000 மனுக்கள் கட்டியவர் தனக்காகக் கட்டியதே இல்லை. ஜெயலலிதாவிடம் 'அம்மா எங்கள் தொகுதியில் நிற்க வேண்டும்' என்று தமிழ்நாட்டுக்குரிய கட்டணம் 11,000 ரூபாயைச் செலுத்திக் கேட்டவை. தன் ஆசையை விற்று அடுத்தவர் ஆசைக்குக் கட்டணம் கட்டும் மனிதர்களைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றுகிறது. மனுவின் ரசீது மாவட்டச் செயலாளர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத்தான் பாதிப் பேர் கட்டினார்கள் என்று தெரிந்தால் சிரிப்பு நின்றுவிடும்.

உறுப்பினருக்கு உரிமை என்று ஒன்றாவது உண்டா என்றால், அ.தி.மு.க. விதியில் அருமையான ஒன்று இருந்தது. பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எம்.ஜி.ஆர். எழுதி வைத்தார். 2017 செப்டம்பரில் பொதுக்குழு கூடி, இறந்துபோன ஜெயலலிதாவே நிரந்தரப் பொதுச்செயலாளர், இனி அந்தப் பதவிக்கு வேறு யாரும் கிடையாது என்றது. இறந்தவரை எதிர்த்து யார் நிற்பது? 2022-இல் அந்த நிரந்தரமும் காலாவதியானது. அந்த ஆண்டு பொதுக்குழுவில் ஓ. பன்னீர்செல்வத்தை நோக்கித் தண்ணீர் பாட்டில் பறந்தது. உட்கட்சி ஜனநாயகம் அவ்வளவு உயிரோட்டமாக இருந்தது. 2023 மார்ச்சில் பொதுச்செயலாளர் தேர்தல். போட்டியிட வேண்டுமானால் பத்து மாவட்டச் செயலாளர் முன்மொழிய வேண்டும், பத்துப் பேர் வழிமொழிய வேண்டும், தலைமைக் கழகப் பதவியில் ஐந்து வருடம் இருந்திருக்க வேண்டும் என்று புது விதி. ஒன்றரைக் கோடி உறுப்பினர் என்று அப்போது சொன்ன கட்சியில் நின்ற வேட்பாளர் ஒருவர். எடப்பாடி பழனிசாமி போட்டியின்றித் தேர்வானார். பட்டாசு வெடித்தார்கள்.

தி.மு.க.காரர் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். அங்கே 1969 முதல் 2018 வரை தலைவர் ஒருவரே. அடுத்தவர் போட்டியின்றி வந்தார். அவர் 2017 தொடக்கம் வரை இளைஞரணிச் செயலாளர்; அப்போது வயது 63. இளமை அந்த வீட்டில் நீண்ட நாள் தங்கும். அவர் மகன் 2019-இல் இளைஞரணிச் செயலாளர், 2021-இல் எம்.எல்.ஏ., 2022-இல் அமைச்சர், 2024-இல் துணை முதல்வர். நாற்பது வருடம் பேனர் கட்டிய கிளைச் செயலாளர் இதைப் பார்த்துக் கோபப்பட்டாரா? இல்லை. தன் மகனுக்கு வட்டப் பிரதிநிதி பதவி கேட்டு மனு எழுதினார். அந்த மனு எழுதும் கையின் மீதுதான் எனக்குக் கோபம் முட்டுகிறது. அடித்துத் திருத்த மனசு வரவில்லை, விட்டுவிடவும் முடியவில்லை.

கட்சி மாறுகிற கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 'மாற்றுக் கட்சியிலிருந்து 500 பேர் இணைந்தனர்' என்று படம் வரும். போன வருடம் எதிர்த் திசையில் இணைந்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துண்டு மட்டும் வேறு.

ஜாதிக்கு வருவோம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல். இந்த நான்கு ஊராட்சித் தலைவர் பதவியும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட 1996 முதல் 2006 வரை, பத்து ஆண்டுகள், அங்கே ஒரு தலைவர் உட்கார முடியவில்லை. மனுவே வராது. வந்து ஜெயித்தால் அன்றே ராஜினாமா. ஊரில் எல்லாக் கட்சிக்கும் கிளை இருந்தது. ஒவ்வொரு கிளைக்கும் செயலாளர், அவைத்தலைவர், பொருளாளர் இருந்தார்கள். சமூகநீதிக் காவலர், புரட்சி, புரட்சிக்கு மேல் புரட்சி என்று தலைவர்களுக்குப் பட்டம் கொடுத்த தொண்டர்களும் இருந்தார்கள். அவர்களில் பலர் மனு வராமல் பார்த்துக்கொள்ளும் களப்பணியில் இருந்தார்கள். இதற்காக எத்தனை கிளைகளைக் கலைத்தார்கள் என்று எந்தத் தலைமையாவது ஒரு அறிக்கை கொடுத்திருந்தால் நான் என் வாயை மூடிக்கொள்கிறேன்.

உயிர் கொடுக்கும் தொண்டனுக்கும் தொகை உண்டு. 2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்தபோது அதிர்ச்சியில் இறந்தவர்கள் என்று அ.தி.மு.க. பட்டியல் போட்டது, 400-க்கும் மேற்பட்ட பெயர்கள். குடும்பத்துக்கு மூன்று லட்சம். துக்கத்தில் விரலை வெட்டிக்கொண்டவருக்கு 50,000. இவ்வளவுதான் என்று விலை எழுதிய பிறகு, வறுமையில் இருக்கிற வீட்டில் முதியவர் எதனால் இறந்தார் என்பதை யார் தீர்மானிப்பார்கள்? 2025 செப்டம்பர் 27 இரவு கரூரில் விஜய் கூட்டத்தின் நெரிசலில் 41 பேர் செத்தார்கள், குழந்தைகளும் சேர்த்து. கட்சி 20 லட்சம் அறிவித்தது. ஒன்பது ஆண்டில் விலைவாசி ஏறியிருக்கிறது.

உயிர் எடுத்த தொண்டனுக்கு இன்னும் நல்ல கவனிப்பு. 2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று செய்தி வந்தது. தருமபுரி இலக்கியம்பட்டியில் அ.தி.மு.க.வினர் கல்விச் சுற்றுலாவிலிருந்து வந்துகொண்டிருந்த வேளாண் பல்கலைக்கழகப் பேருந்துக்குத் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் உள்ளேயே கருகினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் அந்த வழக்குக்கும் என்ன சம்பந்தம்? மூன்று பேருக்குத் தூக்கு. 2010-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2016-இல் அதே நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது: கூட்ட வெறியில் நிதானம் இழந்து செய்தது, முன்கூட்டித் திட்டமிட்டதல்ல. 2018-இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை முன்னிட்டு எடப்பாடி அரசு விடுதலைக்குக் கோப்பு அனுப்பியது. ஆளுநர் ஒரு முறை திருப்பி அனுப்பினார். அரசு மறுபடி அனுப்பியது. கையெழுத்தானது. நவம்பரில் மூவரும் வெளியே வந்தார்கள்.

நானோ நீங்களோ தனியாளாக ஒரு பேருந்தைக் கொளுத்தியிருந்தால் நம்மிடம் கேட்டிருப்பார்கள்: நிதானத்தோடு செய்தாயா, இல்லாமல் செய்தாயா? கூட்டம் எங்கே, கொடி எங்கே, தலைவர் எங்கே? உறுப்பினர் சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்தில் சலுகைகளை அச்சிடுகிறவர்கள் இதை மட்டும் ஏன் விட்டுவிட்டார்கள் என்று தெரியவில்லை.